பொதுத்துறை நிறுவனங்களைக் கண்காணிக்கும் சேவைகள்: எது கை கொடுக்கும், எது இழுத்தடிக்கும்

ஓர் அரசு நிறுவனம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நினைக்கும் சாதாரண ஆளுக்கு இந்தியாவில் வாசல்கள் குறைவில்லை. பங்குச் சந்தைத் தளங்கள், நிறுவனத்தின் ஆண்டறிக்கை, சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தளம், நாடாளுமன்றக் குழுவின் அறிக்கைகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேடு, தகவல் உரிமை (ஆர்டிஐ) மனு, மத்திய விஜிலென்ஸ் ஆணையம் என்று ஏழு தேறும். பெரும்பாலானவை இலவசம். காசு கேட்கும் இடத்திலும் நுழைவுக் கட்டணம் 10 ரூபாய், 100 ரூபாய்தான். பிரச்சினை காசு அல்ல. எந்த வாசலில் எதைக் கேட்பது என்று தெரியாமல் எடுத்த எடுப்பிலேயே ஆர்டிஐ மனுவோடு போய் நிற்பதுதான் பிரச்சினை. ஊரறியப் போட்டு வைத்திருக்கும் தகவலைக் கேட்டு 30 நாள் காத்திருந்து, ‘இணையதளத்தில் பார்க்கவும்’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்புகிறார்கள்.

இந்த ஏழில் முதல் மதிப்பெண் அரசு நடத்தும் எதற்கும் போகவில்லை. முதலீட்டாளர்களுக்காகக் கட்டிய சந்தைத் தளங்களுக்குப் போகிறது. அங்கே வரும் ஒவ்வொரு தாளிலும் நாளும் நேரமும் விழுகிறது. கெடு தவறினால் நாள் கணக்கில் அபராதம் ஏறுகிறது. மற்ற இடங்களில் ஆவணம் இருக்கிறது, கெடு இல்லை. கெடு இருக்கும் இடத்தில் தவறினால் கேட்பாரில்லை.

முதலில் கம்பெனி எண்ணைப் பாருங்கள்

எந்தச் சேவை உதவும் என்பது நிறுவனத்தின் வகையைப் பொறுத்தது. அதற்குக் குறுக்கு வழி, கம்பெனியின் 21 இலக்க அடையாள எண். லெட்டர்பேடிலும் இணையதளத்தின் அடியிலும் இருக்கும். முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச் சந்தையில் பட்டியலானது, அதாவது அதன் பங்குகள் அங்கே கைமாறுகின்றன. ‘யு’ என்றால் பட்டியலாகாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில், பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பதிவான ஆண்டுக்கு நான்கு இலக்கம். 13 முதல் 15 வரையுள்ள மூன்று எழுத்துதான் நமக்கு வேண்டியது. ‘ஜிஓஐ’ என்றால் மத்திய அரசுக் கம்பெனி, ‘எஸ்ஜிசி’ என்றால் மாநில அரசுக் கம்பெனி.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி மத்திய அரசோ மாநில அரசோ, இரண்டும் சேர்ந்தோ 51 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருந்தால் அது அரசுக் கம்பெனி. அதன் துணை நிறுவனங்களும் அப்படியே. இவற்றின் ஆடிட்டரை நிர்வாகமோ பங்குதாரரோ நியமிப்பதில்லை, சிஏஜி நியமிக்கிறார். தனிச் சட்டத்தால் உருவான அமைப்புகள் வேறு வகை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இந்திய உணவுக் கழகம், விமான நிலைய ஆணையம் போன்றவற்றுக்கு சிஏஜியே நேரடி ஆடிட்டர். பொதுத்துறை வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் சிஏஜி தணிக்கைக்குள் வருவதில்லை. ஒரு வங்கியின் பெயரை சிஏஜி தளத்தில் தேடி ஒன்றும் அகப்படாமல், மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பங்குச் சந்தைத் தளங்கள்: எதிர்பாராத முதலிடம்

பட்டியலான பொதுத்துறை நிறுவனம் என்றால் பிஎஸ்இ அல்லது என்எஸ்இ தளத்தில் கம்பெனி பெயரைத் தட்டி, நிர்வாகம் தொடர்பான தாக்கல்கள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டாம். ஒவ்வொரு காலாண்டு முடிந்த 30 நாளுக்குள் நிர்வாக அறிக்கை தாக்கலாக வேண்டும். இயக்குநர் ஒவ்வொருவரின் பெயர், எந்த வகை, நியமன நாள், குழுக்களில் யார் யார், போர்டு (இயக்குநர் குழு) கூடிய தேதிகள், வந்தவர்கள் எத்தனை பேர், அதில் சுயேச்சை இயக்குநர் (நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத வெளியாள்) எத்தனை பேர், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி எல்லாம் அட்டவணையாக இருக்கும்.

முதலில் சுயேச்சை இயக்குநர்களை எண்ணுங்கள். பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, தலைவரே நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தால் போர்டில் பாதிப் பேர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். பெரும்பாலான மத்திய பொதுத்துறை நிறுவனங்களில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஒருவரே, ஆகவே பாதி என்ற கணக்குதான் பொருந்தும். அடுத்து, கணக்கையும் தணிக்கையையும் மேற்பார்க்கும் ஆடிட் கமிட்டி. குறைந்தது மூன்று பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு சுயேச்சை இயக்குநர்கள், தலைவரும் சுயேச்சை இயக்குநரே. ஆண்டுக்கு நான்கு கூட்டம், இடைவெளி 120 நாளைத் தாண்டக் கூடாது. கூட்டம் செல்லுபடியாக இரண்டு சுயேச்சை இயக்குநர்களாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் அதே தளம் காட்டுகிறது. போர்டு அமைப்பு விதி மீறலுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், ஆடிட் கமிட்டி அமைப்புக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய். பொதுத்துறை நிறுவனங்களின் தாக்கல்களைப் புரட்டுபவருக்கு 5,42,800 என்ற தொகை பழகிப் போயிருக்கும். 92 நாள் காலாண்டு முழுக்க இயக்குநர் குறைவாக இருந்தால் 4,60,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 82,800. கூட்டினால் அந்தத் தொகை. அதைப் பார்த்தாலே அந்தக் காலாண்டில் ஒரு நாள்கூட போர்டு முழுமையாக இல்லை என்று தெரிந்துவிடும். 5,36,900 என்றால் 91 நாள் காலாண்டு.

அதன் கீழே நிறுவனம் எழுதும் விளக்கமும் கிட்டத்தட்ட மனப்பாடம்தான்: இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம், அதாவது நிர்வாக அமைச்சகத்திடம் உள்ளது, நிறுவனம் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது, அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருக்கிறோம். விளக்கம் பொய்யல்ல. 2021 நவம்பரில் பல மத்திய நிறுவனங்களில் ஒரே வீச்சில் மூன்றாண்டுக்கு நியமிக்கப்பட்ட சுயேச்சை இயக்குநர்களின் காலம் 2024 நவம்பரில் ஒரே வீச்சில் முடிந்தது. முடியும் தேதி மூன்றாண்டுக்கு முன்பே தெரியும். ஆனாலும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஆடிட் கமிட்டியைக் கூட்டவே ஆள் இல்லாமல், காலாண்டு முடிவுகளை போர்டே நேரடியாகப் பரிசீலித்தது என்ற அடிக்குறிப்போடு வெளியிட்ட நிறுவனங்கள் உண்டு. கணக்கை எழுதுபவர்களும் சரிபார்ப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த அடிக்குறிப்பின் பொருள்.

இந்தச் சேவையின் பெரிய குறையும் இங்கேதான். அபராதம் நிறுவனத்தின் மேல் விழுகிறது, அதாவது பொதுப் பணத்தின் மேல். நியமிக்காமல் விட்ட அமைச்சகத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. சந்தைகள் பல சமயம் தள்ளுபடியும் செய்துவிடுகின்றன. ஆனால் பதிவு அழிவதில்லை. தகவல் சேவையாகப் பார்த்தால் ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். தண்டனைக் கருவியாகப் பார்த்தால் ஒன்றரை தேறும்.

பட்டியலாகாத மத்திய நிறுவனங்களுக்கு 2010-இல் பொதுத்துறை நிறுவனங்கள் துறை கட்டாயமாக்கிய நிர்வாக நெறிமுறைகள் பொருந்தும். சுயேச்சை இயக்குநர் மூன்றில் ஒரு பங்கு போதும். நிறுவனம் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும். 85 சதவீதம் முதல் ‘மிகச் சிறப்பு’. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் பிள்ளை பெரும்பாலும் நல்ல மார்க் வாங்கும் என்பதால் அந்தத் தரவரிசையைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஆண்டறிக்கை: 400 பக்கத்தில் படிக்க வேண்டிய மூன்று இடம்

தலைவரின் உரை, வண்ணப் படங்கள், மரம் நட்ட விழா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகப் பின்பகுதிக்குப் போகலாம்.

முதல் இடம் செக்ரடேரியல் ஆடிட் அறிக்கை. இயக்குநர் அறிக்கையின் இணைப்பாக, எம்ஆர்-3 என்ற படிவத்தில் இருக்கும். எந்த விதி, எந்தக் காலத்துக்கு மீறப்பட்டது என்று கம்பெனி செக்ரட்டரி ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்லும் இடம் இது. சந்தைத் தளத்தில் நான்கு காலாண்டாகப் பார்த்தது இங்கே ஒரே பத்தியில் கிடைக்கும்.

இரண்டாவது, ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பு. ‘காரோ 2020’ என்ற உத்தரவின்படி 2021–22 முதல் எழுதப்படுவது. அரசு நிறுவனங்களில் அதிகம் பேசுவது முதல் பிரிவின் ‘சி’ உட்பிரிவு. கம்பெனியின் பெயரில் பத்திரம் இல்லாத நிலம், கட்டடங்களின் அட்டவணை அது. சொத்தின் விவரம், புத்தக மதிப்பு, யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு காலமாக, ஏன் மாற்றவில்லை என்று பத்திகள். பழைய அரசுத் துறையிலிருந்து கைமாறி வந்த நிலம் பல ஆண்டுகளாக அப்படியே கிடப்பது அந்த ‘ஏன்’ பத்தியில் தெரியும். ஏழாவது பிரிவில் ஆறு மாதத்துக்கு மேல் கட்டாமல் கிடக்கும் சட்டப்பூர்வ பாக்கிகள், உதாரணமாக வருங்கால வைப்பு நிதி, ஜிஎஸ்டி. பதினொன்றாவதில் மோசடியும் உள்ளிருந்து வந்த புகார்களும். பத்தொன்பதாவதில், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனைக் கட்டும் திராணி இருக்கிறதா என்பது பற்றி ஆடிட்டரின் கருத்து. லாபம் காட்டும் நிறுவனமாகவே இருந்தாலும் ஏழும் பத்தொன்பதும் முகம் சுளித்தால் லாப நட்டக் கணக்கை மறுபடி படிக்க வேண்டும்.

மூன்றாவது இடம் சிஏஜியின் கருத்து. ஆடிட்டர் அறிக்கை கைக்கு வந்த 60 நாளுக்குள் சிஏஜி துணைத் தணிக்கை (ஆடிட்டர் பார்த்த கணக்கின் மேல் இன்னொரு சோதனை) செய்து கருத்துச் சொல்லலாம். அந்தக் கருத்து பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இது மூன்று விதமாக வரும், மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் படிப்பதில்தான் சூட்சுமம்.

‘துணைத் தணிக்கை செய்ய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்’ என்பது ஒரு விதம். அதாவது அந்த ஆண்டுக் கணக்கை சிஏஜி அலுவலகம் திறந்தே பார்க்கவில்லை. ‘துணைத் தணிக்கை செய்ததில் கருத்துச் சொல்லும்படியாக எதுவும் தென்படவில்லை’ என்பது இரண்டாவது. அதாவது பார்த்தார்கள், பெரிதாக எதுவும் இல்லை. முதல் வகையை எடுத்து ‘சிஏஜி நற்சான்று கொடுத்துவிட்டார்’ என்று பேசுவது பரவலான ஏமாற்று. மூன்றாவது, உண்மையான கருத்துகள்: லாபத்தைப் பற்றியவை, நிதிநிலையைப் பற்றியவை, வெளிப்படுத்தலைப் பற்றியவை, ஆடிட்டரின் அறிக்கையைப் பற்றியவை என்று தலைப்பிட்டு வரும். லாபம் இத்தனை கோடி கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று தொகையோடு இருக்கும். பக்கத்துப் பத்தியில் நிர்வாகத்தின் பதில். ‘எதிர்காலத்தில் கவனத்தில் கொள்ளப்படும்’ என்று பதில் இருந்தால், அடுத்த ஆண்டின் அறிக்கையில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதே கருத்து மறுபடி வந்திருந்தால், அந்த ஒரு வரியை வைத்தே நல்ல ஆர்டிஐ மனு எழுதலாம்.

தேதிக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கு செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அது முடிந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டறிக்கை தயாராக வேண்டும். பிறகு தணிக்கை அறிக்கையோடும் சிஏஜி கருத்தோடும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், மாநில நிறுவனம் என்றால் சட்டப்பேரவையில். கணக்கு தயாராகாத நிறுவனங்கள் ஒரு தந்திரம் செய்யும். செப்டம்பரில் பேருக்குப் பொதுக்கூட்டம் கூட்டி, கணக்கை ஏற்கும் தீர்மானத்தை மட்டும் ஒத்திவைத்துவிடும். நோட்டீஸில் ‘ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்’ என்ற சொல்லைக் கண்டால் உஷாராக வேண்டியதுதான்.

சிஏஜி தளமும் நாடாளுமன்றக் குழுவும்

சிஏஜி தளத்தின் உள்ளடக்கத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பத்தியிலும் என்ன நடந்தது, விதி என்ன, எவ்வளவு நட்டம், நிறுவனம் என்ன பதில் சொன்னது, அந்தப் பதில் ஏன் ஏற்கத்தக்கதல்ல என்று அடுக்கியிருப்பார்கள். மத்திய நிறுவனங்களைப் பற்றிய வருடாந்திரப் பொது அறிக்கையில் நிர்வாக நெறி பற்றித் தனி அத்தியாயம் உண்டு. எந்தெந்த நிறுவனத்தில் இயக்குநர் குறைவு என்று பெயரோடு இருக்கும். குறை காலத்தில்தான். அறிக்கையின் அட்டையில் இருக்கும் ஆண்டு வேறு, தணிக்கை செய்த காலம் வேறு, அவையில் வைத்த நாள் வேறு. மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் மேற்கோள் காட்டினால் ஏதோ நேற்று நடந்த முறைகேடு போலத் தோன்றும். சம்பந்தப்பட்ட அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார்.

பொதுத்துறை நிறுவனங்களுக்கான நாடாளுமன்றக் குழு 1964-இல் தொடங்கியது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர்; அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. அன்றாட நிர்வாகமும் அரசின் பெரிய கொள்கை முடிவுகளும் இதன் எல்லைக்கு வெளியே. அறிக்கையைவிட, அதற்குப் பின் வரும் ‘எடுத்த நடவடிக்கை’ அறிக்கைதான் உபயோகமானது. ஐந்து அத்தியாயம். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், மூன்றாவதில் குழு மேற்கொண்டு வலியுறுத்தாமல் விட்டவை, நான்காவதில் அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, ஐந்தாவதில் இடைக்காலப் பதில் மட்டுமே வந்தவை. நான்காவதிலிருந்து தொடங்குங்கள். அது இரண்டு பக்கமாகச் சுருங்கியிருந்தால், சண்டை போட மனமில்லாத குழு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாநில நிறுவனங்கள்: இங்கேதான் சேவை தடுமாறுகிறது

மேலே சொன்னவற்றில் பாதி, பட்டியலாகாத மாநில நிறுவனங்களுக்குப் பயன்படாது. சந்தைத் தாக்கல் இல்லை. ஆண்டறிக்கை இணையத்தில் ஏறியிருக்கும் என்ற உறுதியும் இல்லை. இங்கே கை கொடுப்பது கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவேடு. கம்பெனியின் அடிப்படை விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். அதில் இரண்டே வரி போதும். கடைசிப் பொதுக்கூட்டம் நடந்த நாள், கடைசியாகத் தாக்கலான இருப்புநிலைக் குறிப்பின் நாள். இரண்டாவது தேதி கடந்த இரண்டு மார்ச் 31-க்கும் முந்தியதாக இருந்தால் கணக்கு பாக்கி விழுந்திருக்கிறது என்று பொருள். தாக்கலான ஆவணங்களையே பார்க்க வேண்டுமானால் கம்பெனிக்கு 100 ரூபாய். பார்ப்பதற்கு நேரக் கெடு உண்டு. ஆகவே பணம் கட்டும் முன்பே எந்தெந்த ஆண்டின் ஏஓசி-4 (நிதிநிலைக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு விவர அறிக்கை) படிவங்கள் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு, திறந்ததும் வேண்டியதை இறக்கிக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டு மின் நிறுவனங்களைத் தேடுபவர்கள் பெயர் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். மின்வாரியம் 2010-இல் கம்பெனிகளாகப் பிரிந்தபோது வந்த டான்ஜெட்கோ, 2024-இல் விநியோகம், உற்பத்தி, பசுமை ஆற்றல் என்று மறுபடி பிரிந்தது. பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய பெயரில்தான் இருக்கும். போக்குவரத்துக் கழகங்கள் தனித்தனிக் கம்பெனிகள். மாநகர், விரைவு, விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி என எட்டு. ஒன்றின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பற்றிப் பேச முடியாது.

மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. துறையின் கீழுள்ள நிறுவனங்களின் வரவு செலவு, பணியாளர் எண்ணிக்கை, திட்ட நிலவரம் இருக்கும். தணிக்கை ஆகாத எண்களும் அதில் கலந்திருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி யார் மேலும் பழி சுமத்தக் கூடாது. பேரவையின் பொது நிறுவனங்கள் குழு அறிக்கையோடும் சிஏஜியின் மாநில அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மதிப்பு.

விஜிலென்ஸ் ஆணையத்தைப் பற்றிச் சுருக்கமாக. இது தகவல் வாசல் அல்ல, புகார் வாசல். ‘ஏ’, ‘பி’ பிரிவு மத்திய நிறுவனங்களில் இ-8 என்ற ஊதிய நிலையிலும், ‘சி’, ‘டி’ பிரிவுகளில் இ-7 நிலையிலும், அவற்றுக்கு மேலும் இருப்பவர்கள்தான் ஆணையத்தின் நேரடி வரம்பில். அதற்குக் கீழே நிறுவனத்தின் விஜிலென்ஸ் அதிகாரியே பார்த்துக்கொள்வார். மொட்டைக் கடிதம் குப்பைக்குப் போகும். பெயர் வெளியே போகக் கூடாது என்றால் 2004 தீர்மானத்தின் கீழ், மூடி ஒட்டிய உறையின் மேல் பொதுநல வெளிப்பாட்டுப் புகார் என்று ஆங்கிலத்தில் எழுதி ஆணையத்தின் செயலருக்கு அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் உறைக்குள்ளே இருக்கும் தாளில் மட்டும். உறையின் மேல் எழுதினால் பாதுகாப்பு அங்கேயே போயிற்று.

ஆர்டிஐ: கடைசியாகப் போக வேண்டிய, ஆனால் போயே தீர வேண்டிய வாசல்

மேலே உள்ளவற்றைப் புரட்டிய பிறகு, எந்தத் தாள் இல்லை என்று தெரிந்திருக்கும். ஆர்டிஐ அந்தத் தாளுக்குத்தான்.

மத்திய நிறுவனங்களுக்கு ஆன்லைன் தளம் போதும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் இலவசம். உரைப் பெட்டியில் 3,000 எழுத்துக்கு மேல் ஏறாது. சில குறியீடுகளையும் ஏற்காது. தமிழில் எழுதினால் பிடிஎஃப் ஆக இணைப்பதே வழி. கோப்பு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும், கோப்பின் பெயரில் இடைவெளி கூடாது. பணம் கழிந்து பதிவு எண் வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். ஓரிரு வேலை நாளில் சரியாகிவிடும். மாநில நிறுவனங்களுக்கு இந்தத் தளம் உதவாது. தமிழ்நாட்டு அரசின் தனித் தளத்தில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தபாலில் அனுப்ப வேண்டியதுதான்.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வியின் வடிவத்தில். ‘இயக்குநர் பதவிகள் ஏன் நிரப்பப்படவில்லை?’ என்று கேட்டால், தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை என்று திருப்பிவிடுவார்கள். மனுவுக்குப் பதில் தரும் தகவல் அலுவலர் தன்னிடம் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தேர்வு விடைத்தாள் வழக்கில் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். அதே விஷயத்தை இப்படிக் கேட்கலாம்: ‘01.04.2024 முதல் 31.03.2025 வரை, சுயேச்சை இயக்குநர் காலியிடங்களை நிரப்பக் கோரி நிறுவனம் நிர்வாக அமைச்சகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல். ஒவ்வொன்றுக்கும் வந்த பதிலின் நகல்.’ தேதி இருக்கிறது, யார் யாருக்கு எழுதியது என்று இருக்கிறது, ஆவணத்தின் வகை இருக்கிறது. நிறுவனம் எழுதியதே இல்லை என்றால் அதுவும் பதிலில் தெரிந்துவிடும். சந்தைக்கு எழுதிய ‘தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்’ என்ற வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அமைச்சகத்துக்கும் இணையாக ஒரு மனு போடுங்கள், அந்தக் கடிதங்கள் மேல் எழுதிய கோப்புக் குறிப்புகளைக் கேட்டு. நியமனக் கோப்பு அமைச்சரவைக் குழுவுக்குப் போயிருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(i) பிரிவு, அதாவது அமைச்சரவைத் தாள்களுக்கான விலக்கு, என்று மறுப்பார்கள். கம்பெனியின் கடிதத்துக்கு அந்தச் சாக்கு எடுபடாது.

அரசு நிறுவனங்கள் அதிகம் தூக்கும் கேடயம் 8(1)(d), வணிக ரகசியம். டெண்டர் முடியும் வரை அது நியாயமே. பணி ஆணை கொடுத்த பிறகு ஒப்பீட்டு அட்டவணை, கொடுத்த விலை, காலநீட்டிப்பு உத்தரவு, பிடித்த அபராதம் எல்லாம் கேட்கலாம். ஒப்பந்தக்காரரிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தால் கெடு 40 நாளாகிறது. ஒப்பந்தக்காரர் மாட்டேன் என்று எழுதினாலும் முடிவு அலுவலருடையதுதான். மனுவின் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: விலக்குப் பெறும் பகுதி இருந்தால் பிரிவு 10-இன் கீழ் அதை மட்டும் நீக்கி மீதியைத் தரவும். அலுவலரின் பெயர், சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்விகள் இப்போது முன்னைவிடக் கடினம். தனிநபர் தரவுச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(j)-ஐத் திருத்தியது 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது. அதைச் சுட்டி, என்ன பொதுநலன் என்று மனுவிலேயே இரண்டு வரி எழுத வேண்டும்.

பக்கத்துக்கு 2 ரூபாய் என்பதால் ஆயிரம் பக்கக் கோப்பை நகல் கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். முதலில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். நீங்கள் குறித்து வைத்த பக்கங்களுக்கு மட்டும் நகல் கட்டணம். அலுவலர் கட்டணம் கேட்டு எழுதிய நாள் முதல் நீங்கள் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது, ஆகவே தாமதிக்கக் கூடாது. 30 நாள் தாண்டிய பின் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டியதில்லை. கெடு தவறிய தகவல் இலவசம்.

பதில் வரவில்லை அல்லது சரியில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மத்திய நிறுவனங்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில் முடிவு வர வேண்டும். மேல்முறையீட்டு அலுவலரும் அதே நிறுவனத்தின் மூத்த அதிகாரிதான் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் இந்தப் படியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. இந்தச் சேவைக்கு மதிப்பெண் சரிவது இங்கேதான். விசாரணைக்கு எடுக்க மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. ஆணையத்துக்கு முடிவெடுக்கக் கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற அபராதம் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போவது என்பதால் சந்தை அபராதத்தைவிட உறைக்கும். ஆனால் விதிக்கப்படுவது அபூர்வம்.

மத்திய ஆணையத்துக்குப் போகும் மனுக்கள் விசாரணைக்கு முன்பே திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்புகள். முதல் மனு, அலுவலரின் பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை, நீங்கள் ஆதாரமாகக் காட்டும் வேறு தாள்கள், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் என்று 2012 விதிகள் கேட்கின்றன. மேல்முறையீட்டின் நகலை அலுவலருக்கு முன்கூட்டியே அனுப்பிய ரசீதும் கையில் இருக்கட்டும். பதிலே வராத வழக்கில் இணைக்கப் பதில் இருக்காது. அப்போது ‘பதில் கிடைக்கவில்லை’ என்று பட்டியலில் அந்த வரிசை எண்ணுக்கு நேராக எழுதிவிட வேண்டும். வெறுமனே விட்டால், ஆவணம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.